வயசு மேல பழியைப் போடாதீர்கள்

1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். அதே பெரம்பூரில், ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் பெரியவரைப் பார்த்து இன்றைக்கும் நாம் சொல்வது இதுதான்: “வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.” ஆறுதல் மாதிரி கேட்கும் இந்த வாக்கியத்தால்தான் எத்தனையோ பேரைக் கைகழுவி விடுகிறோம்.

முதுமையில் மகாதமனி வால்வில் கால்சியம் படிந்து, அது இறுகிச் சுருங்கலாம். சுருக்கம் தீவிரமாகி மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் என்று ஏதாவது ஒன்று தலைகாட்டிய பிறகும் வால்வை மாற்றாமல் விட்டால், பெரும்பாலோருக்கு மிச்சம் இருப்பது சில ஆண்டுகள்தான். ராஸும் பிரௌன்வால்டும் இதை 1968லேயே எழுதிவிட்டார்கள்.

கண்டுபிடிக்கக் கத்தி வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம். எக்கோ போதும். ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே கதைதான். வால்வு சுருங்கச் சுருங்க ரத்தத்தின் வேகம் கூடும். டாப்ளர் அதை அளக்கும். நொடிக்கு 4 மீட்டரைத் தொட்டால் தீவிரம்.

அடுத்த தப்பு இங்கேதான் நடக்கிறது. ரிப்போர்ட்டில் 3.2 என்று இருந்தால் “மிதமானதுதான்” என்று ஃபைலை மூடிவிடுகிறோம். தளர்ந்த இதயத்தால் பீய்ச்சவே முடியவில்லை என்றால் வேகம் எங்கிருந்து வரும்? ஒலிக்கற்றை ரத்தம் பாயும் திசைக்கு நேராக அமையாவிட்டாலும் எண் குறையும். அதனால் நெஞ்சின் வலப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வேகம் குறைவு, ஆனால் வால்வின் திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே என்றால் விஷயம் முடியவில்லை. மருந்தால் இதயத்தை முடுக்கி மறுபடி எக்கோ எடுக்கலாம், சி.டி.யில் கால்சியத்தை அளக்கலாம்.

“இந்த வயசுல நெஞ்சைப் பிளக்கணுமா?” 2002இல் பிரான்ஸில் அலன் க்ரிபியே நெஞ்சைத் திறக்காமலே, ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைப் பொருத்திக் காட்டினார். இன்று பெரும்பாலும் தொடை வழியாகவே செய்கிறார்கள். செலவு லட்சக்கணக்கில், உண்மைதான். அப்படியென்றால் “பணமில்லை” என்றே சொல்லுங்கள். அதற்கு அரசைக் கேட்கலாம், காப்பீட்டைக் கேட்கலாம், சண்டை போடலாம். “வயசு” என்று சொல்லிவிட்டால் யாரையும் எதையும் கேட்க முடியாது.

தாத்தா பாட்டியின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவது நீங்கள்தானே? கேளுங்கள்: “திறப்பு எவ்வளவு, டாக்டர்? வேகம் குறைவா இருக்கிறது எதனால?”