கதை உங்களுடையது, காப்பியும் உங்களிடம் இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், கேம்ஸ் என்றால் துப்பாக்கிச் சண்டையும் கார் பந்தயமும்தான் என்று நினைக்கிறார்கள். கூடிக் கதை எழுதுவதும் ஒரு விளையாட்டுதான். ஆளுக்கொரு பாத்திரம், ஒருவர் ஒரு வரி டைப் செய்தால், அடுத்தவர் தன் பாத்திரமாகவே பதில் எழுதுவார்.

1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' இதன் முன்னோடி. படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். 1989-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் உருவாக்கிய 'டைனிமட்'டில் சண்டையைவிடப் பேச்சே அதிகம். அறைகளை ஆட்டக்காரர்களே கட்டினார்கள். அடுத்த ஆண்டே அது நின்றுபோனது.

சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் என் கவலை இதுதான்: சர்வர் நின்றால் கதையும் போய்விடும். ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது, யாஹூ குரூப்ஸ் 2020-ல். இலவச இடம் என்பது வாடகை தராத வீடு மாதிரி. காலி செய்யச் சொன்னால் வாதாட முடியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தொண்டர்கள் டைப் செய்த தமிழ் நூல்களை யாரும் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம். பல கைகளில் இருப்பது எளிதில் அழியாது.

எங்கள் வடசென்னையில் கதைக்கா பஞ்சம்? 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்டது. ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவர் இன்ஜின் டிரைவர், ஒருவர் ரயிலைக் கண்டு மிரண்ட பாட்டி. நண்பர்களோடு எழுதிப் பாருங்கள். வாரம் ஒருமுறை அதை டெக்ஸ்ட் பைலாக சேவ் செய்யுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி, எழுதிய ஒவ்வொருவரிடமும் ஒரு காப்பி இருக்கட்டும்.