மார்க் மட்டும்தானா? பி.டி.ஏ மீட்டிங்கில் பேச வேண்டிய இன்னொரு விஷயம்!

பி.டி.ஏ மீட்டிங்கில் என்ன பேசுவோம்? மார்க், லீவு, செல்போன், ஃபீஸ். அதே மீட்டிங்கில், தன்பாலீர்ப்பு பற்றியும் பெற்றோருக்குப் புரியவைக்கலாம் என்று சொன்னது, சென்னை உயர் நீதிமன்றம்.

மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், ஒருவரையொருவர் நேசித்து, வீட்டு எதிர்ப்புக்கு அஞ்சி பாதுகாப்பு கேட்ட வழக்கு அது. விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜூன் 7, 2021 அன்று வந்த உத்தரவில் பள்ளிகளுக்கும் யோசனைகள் இருந்தன. பெற்றோர் - ஆசிரியர் கூட்டங்கள் மூலம் விழிப்புணர்வு, பாலின பேதமில்லாத கழிப்பறை, இந்த மாணவர்களைப் புரிந்துகொள்ளும் கவுன்சலர் ஆகியவை அவற்றில் சில.

நோயா இது?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றிக்காட்டுகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

ஆனால், வகுப்பறையில்? நடையைக் கேலி செய்வார்கள், குரலைக் கேலி செய்வார்கள். அந்தப் பிள்ளை கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்ளும். பி.டி பீரியடில் 'வயித்து வலி' என்று உட்கார்ந்துவிடும். கொஞ்ச நாளில் பள்ளிக்கே வராது. வீட்டில் இருப்பவர்களுக்கோ, குறைந்த மார்க் மட்டும்தான் கண்ணில் படும்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு...

* கேலியைக் கேட்ட இடத்திலேயே நிறுத்துங்கள். 'நீ ஒழுங்கா நட' என்று, கேலிக்கு ஆளான பிள்ளையைத் திருத்தாதீர்கள்.

* மரியாதையான சொற்கள் தமிழில் இருக்கின்றன. 'பால்புதுமையினர்' உள்ளிட்ட சொற்களின் பட்டியலைத் தமிழக அரசே 2022-ல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது.

* நடை, உடையை வைத்து 'இவன் அப்படித்தான்' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

* ஒரு மாணவி நம்பி வந்து சொன்னால், உடனே வீட்டுக்கு போன் போடாதீர்கள். அந்த ஒரு போனால் அடி விழலாம், படிப்பு நிற்கலாம், அவசரக் கல்யாணம்கூட நடக்கலாம். 'வீட்டுல யார்கிட்ட சொன்னா உனக்குப் பயமில்லை?' என்று முதலில் அவளிடமே கேளுங்கள். தற்கொலை எண்ணம், பாலியல் துன்புறுத்தல் என்றால் மட்டும் ரகசியம் காக்கக் கூடாது. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவளிடம் சொல்லிவிட்டு, உடனே உதவியை நாடுங்கள்.

பெற்றோர்கள் கவனத்துக்கு...

'இதையெல்லாம் பேசினா நம்ம புள்ளையும் கெட்டுப்போயிடாதா?' என்ற பயம் பல வீடுகளில் உண்டு. பாடத்தைக் கேட்டோ, பக்கத்து பெஞ்ச் பிள்ளையைப் பார்த்தோ யாருக்கும் பால் ஈர்ப்பு மாறாது. பார்த்துப் பார்த்துப் பரவுவது கேலிதான்.

உங்கள் பிள்ளையே வந்து சொன்னால், அதிர்ச்சி இருக்கத்தான் செய்யும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சொல்ல வேண்டியது, 'எது எப்படி இருந்தாலும் நீ எங்க புள்ளதான்' என்ற ஒரு வார்த்தை. சாமியாரிடமும் மந்திரிப்பவரிடமும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அடுத்த மீட்டிங்கில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது, 'கேலிக்கு ஆளாகும் பிள்ளை இந்த ஸ்கூல்ல யார்கிட்ட போய்ச் சொல்லணும் மிஸ்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு பெயராக இருக்க வேண்டும். இல்லையென்றால், அன்றைக்கே ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள்.

உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.