கூரைக்கும் வேண்டும் காப்பீடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலை டெல்டா விவசாயிகள் மறக்கவில்லை. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு நிவாரணமாக அறிவித்தது. முழுவதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். அந்தப் பணத்தில் கைமரம், ரீப்பர், ஓடு, கூலி எல்லாம் அடங்காது என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

நெல்லுக்குக் காப்பீடு செய்கிறோம். டிராக்டருக்குச் செய்கிறோம். விதைநெல்லும் உரமூட்டையும் குடும்பமும் ஒதுங்கும் கூரைக்கு மட்டும் செய்வதில்லை. 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம் மூன்றும் அதில் அடங்கும். மனை விலையைச் சேர்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவையே காப்பீட்டுத் தொகையாகக் காட்ட வேண்டும். வயலில் உள்ள மோட்டார் கொட்டகை இதில் தானாகச் சேர்ந்துவிடாது. கீற்று வேய்ந்த வீடாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

வீட்டுக்கடன் வாங்கிய பலருக்குத் தம் பெயரில் பாலிசி இருப்பதே தெரியாது. பிரீமியத்தை வங்கி பிடித்துக்கொள்கிறது. பத்திரமும் அங்கேயே தூங்குகிறது. அதன் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டின் மதிப்பு முழுவதற்கும் இருக்கிறதா, கடன் பாக்கிக்கு மட்டுமா என்று பார்க்க வேண்டும்.

தகராறு பெரும்பாலும் புயலுக்குப் பின்புதான் வருகிறது. மழை கொட்டும்போது தார்ப்பாய் போடாமல் யார் இருப்பார்கள்? போடத்தான் வேண்டும். மேலும் சேதம் ஆகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று பத்திரமே சொல்கிறது. ஆனால் தார்ப்பாய் போடுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உடைந்த ஓட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளையும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும். (இவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல, இழப்பை மதிப்பிடுபவர்.) கம்பெனிக்குத் தகவல் தருவதில் தாமதம் கூடாது.

"இது பழைய விரிசல்" என்று அவர் எழுதிவிட்டால் பணம் குறையும். தேய்மானத்துக்குக் காப்பீடு கிடையாது. புரட்டாசியில் ஓடு மாற்றும்போதே கூரையைப் படம் எடுத்து, ஓடு வாங்கிய ரசீதையும் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

எல்லாப் பொறுப்பையும் விவசாயி தலையில் கட்டுவதும் நியாயமல்ல. பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்திலேயே வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டால் என்ன? பிரீமியத்தை அறுவடைக்குப் பின் கட்ட வழி செய்தால் சிறு விவசாயியும் சேருவார். காரணம் சொல்லாமல் இழப்பீட்டைக் குறைத்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.