நாய் அம்மாவிடம், புத்தகம் மகனிடமா?

இன்று இலக்கணம் இல்லை, பயப்படாதீர்கள். நாய் பூனை விஷயம்.

உங்களில் பலர் பெங்களூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகும்போது, ஆசையாக வளர்த்த நாயை ஊரில் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். தட்டு, சங்கிலி, படுக்கை எல்லாம் வந்து சேர்கிறது. தடுப்பூசிப் புத்தகம் மட்டும் வருவதில்லை. கேட்டால், "போட்டோ என் போன்ல இருக்கு சார்" என்கிறீர்கள். நாய் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் அதன் காகிதமும் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் நாயின் பல் பட்டுவிட்டது என்று வையுங்கள். காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும். அதில் பேரம் கிடையாது. அங்கே, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். "போட்டாச்சுன்னு பையன் சொன்னான்" என்பது பதிலாகாது. தேதி, மருந்துக் குப்பியின் லேபிள், மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருந்தால்தான் அது பதிவு. (வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' விழுந்த பிறகு "நேத்து வந்தேன் சார்" என்று சாதித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.) 10 நாள் நாயைக் கண்காணிக்கச் சொல்வார்கள். அந்த 10 நாளும் பிள்ளையைப் பெற்றவளுக்குத் தூக்கம் வராது. புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்துக் காட்டினால் கொஞ்சமாவது மூச்சு விடுவாள். அடுத்த வீட்டு உறவும் தப்பிக்கும். இதை துபாயிலிருக்கும் போன் செய்யுமா?

வெளிநாட்டுக்கே கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இன்னும் கெடுபிடி. ஜெர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு, முதலில் மைக்ரோசிப் வைத்த பிறகுதான் வெறிநோய் ஊசி போட்டிருக்கவேண்டும். முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. தேதி தெரியாவிட்டால் மொத்தமும் முதலிலிருந்து. விசா வந்த பிறகு ஓடினால் நடக்காது.

வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் மாடி ஏறினார்கள்! ரேஷன் கார்டு இருக்கும் அதே ஜிப் கவரில் இந்தப் புத்தகமும் இருக்கட்டும். லாமினேட் செய்துவிடாதீர்கள், அடுத்த ஊசியை டாக்டர் எங்கே எழுதுவார்? கூடவே ஒரு தாளில், தமிழில், பெரிய எழுத்தில், நாயின் வயது, எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, கால்நடை மருத்துவரின் எண். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் அம்மா டார்ச் அடித்துப் படிக்கவேண்டும் அல்லவா? எடையை அவ்வப்போது திருத்துங்கள். மருந்தின் அளவே அதை வைத்துத்தான்.

பூனைக்காரர்களே, உங்களுக்கும் இதேதான்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்தப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிப்போகும் நாய்களும் உண்டு. கழுத்துப்பட்டையில் உங்கள் துபாய் எண்ணை எழுதியிருந்தால் அதை அழித்துவிட்டு அப்பாவின் எண்ணை எழுதுங்கள்.