தங்கம் தீரவில்லை, கணக்குதான் உதைத்தது!



"மைன்ஸ்ல வேலை கிடைச்சா லைஃப் செட்டில்" என்ற பேச்சைக் கேட்காத ஹாஸ்டல் உண்டா? தங்கம் விலை ஏறுகிறது; மின்சார வண்டிக்கு லித்தியம் வேண்டும் என்கிறார்கள். ஆகவே சுரங்கத் தொழிலுக்கு இனி பொற்காலம்தான் என்கிறார்கள் பலர். எனக்கும் அதில் பாதி நம்பிக்கை உண்டு. மீதிப் பாதி ஒரு கேள்வி. சுரங்கத்தை மூடுகிற நாளில் அந்த ஊர் என்ன ஆகும்?

பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். பெங்களூர் ரயிலில் பங்காருப்பேட்டையில் இறங்கினால் கோலார் தங்கவயல் பக்கம்தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காடு பக்கத்திலிருந்து நம் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க் குழியில் இறங்கினார்கள். பெங்களூருக்குத் தெருவிளக்கு வந்தது 1905-ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1902-ல், சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் போய்விட்டது! சுமார் 120 வருஷத்தில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

அப்புறம் ஏன் 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள்? தங்கம் தீர்ந்துபோச்சா? இல்லை. ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசியில் 3, 4 கிராம்தான். ஆழமோ 3 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். காற்றைக் குளிர்வித்து அனுப்பணும், தண்ணீர் இறைக்கணும், பாறையை மேலே தூக்கணும். அன்று உலகச் சந்தையில் அவுன்ஸ் 270 டாலர் அளவில்தான். கணக்கு உதைத்தது, கதவை மூடினார்கள்.

2024-ல் அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டி நின்றது. உடனே, கழிவாகக் கொட்டிய சயனைடு மண்மேட்டில் மிச்சத் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை அதே வருஷம் இசைவு தந்தது. மண்மேட்டுக்கு மறுபடி மதிப்பு வந்தாச்சு. மனுஷனுக்கு? விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய், வேலை பார்த்து ராத்திரி திரும்புகிற ஜனம் அங்கே இன்றும் ஆயிரக்கணக்கில்.

லித்தியம் கதையும் இதே பாடம்தான். ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் தாது இருப்பதாக 2023-ல் அறிவித்தார்கள். நாடே கைதட்டியது. அது முதற்கட்ட மதிப்பீடு. 2024-ல் ஏலம் விட்டபோது போதிய பேர் வராமல் ரத்தானது. பூமிக்குள் இருப்பது வேறு, கட்டுப்படியாக எடுப்பது வேறு.

நம் நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம். அதற்காக அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். நிலம் கொடுத்தவர்களின் மனக்குறை இன்னும் ஆறவில்லை. சூரிய மின்சாரம் மலிவாகிக்கொண்டே வந்தால் அங்கேயும் ஒரு நாள் கணக்கு உதைக்கும். அன்றைக்கு என்ன செய்வது என்று இன்றைக்கே யோசிக்க வேண்டாமா?

மூடல் திட்டம் இல்லாமல் சுரங்கம் கூடாது என்று 2003 முதல் விதி இருக்கிறது. அது குழியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, குழியை நம்பிய மனிதர்களைப் பற்றிப் பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் டன் வெளியே வரும் நாளிலிருந்தே, டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கை அந்த ஊரின் வீட்டுக்கும் மறுபயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும்.

தோழர்களே, சுரங்க வேலைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பம்பு, மோட்டார், ஹாய்ஸ்ட் என்று எங்கே போனாலும் சோறு போடும் வேலையை அங்கே கற்றுக்கொள்ளுங்கள். நாளை சூப்பர்வைசராக உட்காரும்போது, "எப்போது திறக்கிறோம்?" என்பதோடு "எப்படி மூடப் போகிறோம்?" என்றும் கேளுங்கள். தங்கவயலில் அன்றைக்கு அதைக் கேட்க ஆளில்லாமல் போச்சு. நாமாவது கேட்போம்!