கூரை ஒழுகும் பள்ளிக்கு வளைவு எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விடலாம், ஆனால் முழுதும் படித்துவிட்டு விடுங்கள்.

போன வாரம் ஒன்றியக் கூட்டத்தில் நம் தொடக்கப் பள்ளிக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப் பேர் 'அ' எழுதப் பழகிய அதே கட்டடம்தான். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பெண்பிள்ளைகள் கழிப்பறையில் கதவு இருக்கிறது, தண்ணீர் இல்லை. இதெல்லாம் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் முக்கால் மணி நேரம் அவர்கள் பேசியது நுழைவாயிலில் வளைவு கட்டுவது பற்றி. வளைவில் யார் பெயர் மேலே வருவது என்பதிலேயே பத்து நிமிடம் போனது. நடுவில் ஒரு அம்மா, கவுன்சிலர்தான், கூரை என்னாச்சு என்று கேட்டார். வந்த பதில் இது: "46 பிள்ளைங்கதானே படிக்குது. அதுக்குப் போய் எவ்வளவு செலவு பண்றது?"

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

46 என்ற எண் எப்படி வந்தது? நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பில் மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு பேர் இருந்தார்கள். இப்போது வீட்டுக்கு ஒன்று, இரண்டுதான் பிள்ளை. ஆங்கில மோகமும் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்பும் தாய்மார்களை நான் கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் என்று தொடங்குவார்கள். இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் உண்மை வரும். "மழை வந்தா ஒரே ரூம்ல அஞ்சு கிளாஸையும் அடைக்கிறாங்க சார்." "பொண்ணு காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குது, பள்ளிக்கூடத்துல போக முடியாதாம்." கட்டடத்தைக் கெட விட்டதால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் போனதால் கட்டடத்துக்குப் பணம் இல்லை என்கிறார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டு, யாரும் தண்ணீர் எடுக்க வருவதில்லை என்று புள்ளிவிவரம் காட்டுகிற கதை இது.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது மூன்று கிலோமீட்டர். தமிழ்நாட்டின் கட்டாயக் கல்வி விதிகள் 1 முதல் 5 வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. சொன்னவரின் பேரன் வீட்டு வாசலில் மஞ்சள் வேன் ஏறுகிறான். அவருக்கு மூன்று கிலோமீட்டர் ஒரு தூரமாகத் தெரியாது.

செலவு, செலவு என்கிறார்களே, அந்தக் கூரை எப்படிக் கெட்டது என்று சொல்கிறேன். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும். தட்டோடு விரிந்த இடத்தில் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருக்கும், பருத்து மேலே பூசிய காரையைத் தள்ளிவிடும். பிள்ளைகள் தலையில் விழுவது அதுதான். முதல் வருடமே குழாயைச் சுத்தம் செய்திருந்தால் ஒரு ஆளின் ஒரு நாள் கூலி. அடுத்த வருடம் தட்டோட்டை மட்டும் மாற்றியிருந்தால் சில ஆயிரம். இப்போது புதுக் கட்டடமே வேண்டும், லட்சங்கள் வேண்டும். குழாய் சுத்தம் செய்வதற்குத் திறப்புவிழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. அதனால்தான் யாரும் செய்யவில்லை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

தலைமையாசிரியரே செய்திருக்கலாமே என்பீர்கள். 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் வருடத்துக்கு 25,000 ரூபாய். சுண்ணக்கட்டி, பதிவேடு, துடைப்பம், சில்லறைப் பழுது எல்லாம் அதற்குள். கட்டடமோ ஒன்றியத்துடையது. ஆசிரியருக்கு மேலதிகாரி கல்வித் துறை, கூரைக்கு மேலதிகாரி ஊரக வளர்ச்சித் துறை. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத, அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத, பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போடுவதற்குள் ஒரு ஐப்பசி போய் அடுத்த ஐப்பசி வந்துவிடும். நானே இப்படி எழுதிய கடிதங்களின் நகல் ஒரு கோப்பு நிறைய வைத்திருக்கிறேன்.

அதிகாரிகளின் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பொறியாளர் எத்தனையோ ஊர் பார்க்கிறார். ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொரு தலைப்பில் செலவு செய்ய முடியாது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி என்று 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள், நல்ல திட்டம். ஆனால் பட்டியலில் எந்த ஊர் முதலில் என்பதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். வளைவு கேட்கிற ஒன்றியம் வளைவைத்தான் சொல்லும்.

16.7.2004 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்து போன பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை ஆபத்து என்று எல்லோருக்கும் உறைத்தது. அது தனியார் பள்ளி. 17.12.2021 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு பறந்தது. இடிப்பதும் வேகமாகத்தான் நடந்தது. பல ஊர்களில் புதுக் கட்டடம் வரும்வரை பிள்ளைகள் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் உட்கார்ந்தார்கள். ஆகவே நம் கட்டடத்தை இடிப்பதானால் மாற்று இடம் எது, புதிய கட்டடம் என்று முடியும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு இடிக்கட்டும்.

கூட்ட முடிவில் ஒருவர், "முன்னாள் மாணவர்கள் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள், அவர்கள் தரட்டுமே" என்றார். சிங்கப்பூரில் இருக்கும் உங்களில் ஒருவர் அன்றிரவே போன் செய்து, எவ்வளவு வேண்டும் ஐயா என்று கேட்டார். தம்பி, உன் மனசு பெரிது. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். கூரைக்கு வேண்டாம். பாதுகாப்பான கட்டடம், தனித்தனிக் கழிப்பறை, குடிநீர் எல்லாம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருப்பவை. அதை நீ கொடுத்துவிட்டால், வெளிநாட்டில் பிள்ளை இல்லாத ஊரின் பள்ளிக்கு யார் கொடுப்பது?

உங்களிடம் நான் கேட்பது வேறு. அக்டோபர் 2 கிராம சபை. பள்ளி மேலாண்மைக் குழுவின் நான்கு தாய்மார்கள் தீர்மானம் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார்கள்: முதலில் கூரை, அடுத்து கழிப்பறைக்குத் தண்ணீர், வளைவு கடைசியில். அவர்கள் எழுந்து பேசும்போது பின்னால் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னை, கோவை, திருப்பூரில் இருப்பவர்கள் அன்று விடுமுறைதான், கிளம்பி வாருங்கள். வர முடியாதவர்கள் ஊரில் இருக்கும் அண்ணன், மதினி, சித்தப்பாவை அனுப்புங்கள். மனு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குள் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேர்ந்தே போகலாம். காப்பி உண்டு.