எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. எல்லாம் சுடும் என்பதே அதன் தாத்பரியம். தேர்தல் வந்துவிட்டால் கடலூர் முதுநகர்க் கடைத்தெருவிலும் சிதம்பரம் தேரடியிலும் இந்தப் பழமொழிக்குக் கிராக்கி அதிகமாகிவிடும். நிற்கிற அபேட்சகர்களில் ஒருவரும் மனத்துக்குப் பிடிக்கவில்லை; ஆயினும் விரலில் மை வைத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. (அபேட்சகர்களைக் கொள்ளிக்கட்டை என்று சொல்வது பழமொழியே தவிர நாமல்ல என்பதை முன்கூட்டியே விண்ணப்பித்துக் கொள்ளுகிறோம்.) இத்தகைய நாளில் ஒரு சாதாரணக் குடும்பத்தார் எதை எதனோடு வைத்து நிறுக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

"எனக்கு ஒருவரும் வேண்டாம்" என்று சொல்ல விரும்பியவர் பாடு 2013-ஆம் ஆண்டு வரையில் பெரும்பாடாக இருந்தது. 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் விதிகளில் 49-ஓ என்று ஒரு விதி. சாவடிக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு, வோட்டளிக்க விரும்பவில்லை என்று அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அவர் அதைக் குறித்துக்கொண்டு மறுபடியும் கையெழுத்து வாங்குவார். எதிரே கட்சி ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்து இந்த வைபவத்தைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ரகசிய வோட்டு ஏது? 2013 செப்டம்பர் 27-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு முடிவு கட்டியது. யந்திரத்தின் கடைசிப் பொத்தானாக நோட்டா வந்து சேர்ந்தது.

சிதம்பரத்து வாசகர்களுக்கு இது பழகிய விஷயமாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை. அவர்கள் ஊர்க் கோயிலில் திரையை விலக்கினால் தெரிவதும் வெளிதான். தங்க வில்வமாலை தொங்கும். ஆனால் அங்கே வெளியே தெய்வம். இங்கேயோ வெளி வெறும் வெளியாகவே இருந்துவிடுகிறது. நோட்டாவுக்கு எத்தனை வோட்டு விழுந்தாலும், அபேட்சகர்களில் அதிகம் பெற்றவரே ஜயித்தவர். 2024-ல் இந்தூர் தொகுதியில் 2,00,000-க்கு மேற்பட்டவர்கள் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். முடிவு அணுவளவும் மாறவில்லை.

அப்படியானால் அதற்குப் பலன் ஒன்றுமில்லையா என்று கேட்டால், உண்டு என்போம். ஆனால் அழுத்தியவர் நினைத்த பலன் அல்ல. 2016 மே மாதம் நடந்த சட்டசபைத் தேர்தலில், சிதம்பரத்துக்கு அண்டையிலுள்ள காட்டுமன்னார்கோயில் தொகுதியில் ஸ்ரீ முருகுமாறன் ஸ்ரீ திருமாவளவனைத் தோற்கடித்தார். வித்தியாசம் 87 வோட்டு. ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே தடவையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடக் கூடிய கூட்டம்! அதே ஸ்ரீ திருமாவளவன் 2019-ல் சிதம்பரம் பாராளுமன்றத் தொகுதியில் 3,219 வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். ஏறக்குறைய பத்து லட்சம் வோட்டுக்களை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்ட போட்டியில் கடைசியில் மிஞ்சியது அவ்வளவுதான். இந்த இரண்டு தேர்தல்களிலும் நோட்டாவுக்கு விழுந்த வோட்டு, ஜயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசத்தைவிட அதிகம். இருவரையும் வேண்டாமென்று விலகியவர்களே இருவரில் ஒருவரைத் தீர்மானித்தார்கள் என்று ஆகிறது. எவரை என்பதைத் தாமே தீர்மானிக்காமல் விட்டதுதான் குறை.

நிற்க. நிறுக்கிறவர்கள் எப்படி நிறுக்கிறார்கள்? கடலூர் ஜில்லாக்காரர்களிடம் ஒரு படிக்கல் எப்போதும் உண்டு, அது தண்ணீர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. 2015 நவம்பரில் பெய்த மழையில் ஜில்லாவே மூழ்கியது. அடுத்த ஆறு மாதத்துக்குள் மேற்சொன்ன சட்டசபைத் தேர்தல். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்குக் கட்சிக் கொள்கை ஞாபகத்தில் இருப்பதைவிட, அப்போது யார் வந்தார், யார் வரவில்லை என்பது நன்றாக ஞாபகத்தில் இருக்கும். வந்தவரைப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காதவர் வந்தார் என்பதும் கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்தபடியாக, ஆளைவிட ஆளுக்குப் பின்னால் நிற்பவரை நிறுக்கிறார்கள். அபேட்சகர் எப்படிப்பட்டவரானாலும் அவர் கை தூக்கப்போவது யாருக்காக என்பது அவர்களுக்குத் தெரியும். சாதிக் கணக்கும் தராசில் ஏறுகிறது. சிதம்பரம் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி. அரியலூர், குன்னம் வரையில் நீண்டு கிடப்பது. அங்கே தங்கள் சாதி அபேட்சகர் நிற்கவே முடியாத வீடுகளிலும் வோட்டு உண்டு. அந்த வோட்டில் சாதி பார்ப்பதே இல்லை என்று நாம் எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள். தேர்தலுக்கு முதல் நாள் வருகிற கவரைப் பற்றியும் சொல்லவேண்டுமா? வாங்குகிறவர்களில் பலர் வாங்கிக்கொண்டு வேறு பொத்தானை அழுத்துகிறார்கள் என்று கேள்வி. இது யோக்கியமா என்ற வழக்கைத் தீர்க்க நமக்குச் சக்தியில்லை.

நம் குடியரசில் ஜனாதிபதியை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்ற, சட்டசபை அங்கத்தினர்கள் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையில் ஜனங்களே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்காதவர்களை நிறுத்துப் பார்க்கிற கலையை யாழ்ப்பாணத்துத் தமிழரைப்போல் விலை கொடுத்துக் கற்றவர்கள் உலகில் சிலரே.

2005 நவம்பரில் யாழ்ப்பாண ஜில்லாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வோட்டளிக்கவில்லை. விடுதலைப் புலிகள் ஆதரித்த பகிஷ்காரம் ஒரு காரணம், பயம் மற்றொன்று. ஸ்ரீ மகிந்த ராஜபக்ஷ சுமார் 1,80,000 வோட்டு அதிகம் பெற்று ஜனாதிபதியானார். யாழ்ப்பாண ஜில்லாவின் வாக்காளர் பட்டியலில் மாத்திரம் அதைப்போல் பல மடங்குப் பெயர்கள் இருந்தன. அதற்குப் பின் நடந்த யுத்தத்தை நாம் இங்கே விவரிக்கப் போவதில்லை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2010 ஜனவரி 26-ஆம் தேதி மறுபடியும் தேர்தல். எதிரும் புதிருமாக நின்றவர்கள் யார்? யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி ஒருவர். அதே யுத்தத்தில் சேனாதிபதியாக இருந்த ஸ்ரீ சரத் பொன்சேகா மற்றொருவர். பந்துக்களைப் பறிகொடுத்த ஜனங்களுக்கு இதைக் காட்டிலும் கொடிய பரீட்சை உண்டா? பெரும்பாலோர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் சேனாதிபதிக்குப் போட்டார்கள். அவர் தோற்றார். ஜயித்தவர் அந்த ஆண்டிலேயே, ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகக் கூடாது என்ற வரம்பை நீக்கிவிட்டார்.

2015 ஜனவரி 8-ஆம் தேதி அவரை எதிர்த்து நின்ற ஸ்ரீ மைத்திரிபால சிறிசேனாவும் தமிழருக்கு வேண்டியவர் அல்லர். யுத்தத்தின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு மந்திரியாக இருந்தவர். ஆயினும் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட வோட்டு அவருக்கு விழுந்தது. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைப்பேன் என்று அவர் சொல்லியிருந்தார். வரம்பு அந்த ஆண்டே திரும்பி வந்தது. ராணுவம் வைத்திருந்த நிலங்களில் ஒரு பகுதியும் திரும்பிற்று. கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள், உண்மைதான்.

இங்கேதான் பழமொழியோடு நமக்குச் சிறு தகராறு. விறகடுப்பில் சமைத்த எந்தப் பாட்டியையும் கேளுங்கள்: கொள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல. ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடலாம். இன்னொன்றைத் தொடவே முடியாது. ஐந்து வருஷம் கழித்து இறக்கக்கூடியவர் யார், இறங்க மறுப்பவர் யார் என்ற கேள்வியை, அபேட்சகர்களை எவ்வளவு வெறுத்தாலும் கேட்டுப் பார்க்கலாம். 2002-ல் பிரெஞ்சு தேசத்து இடதுசாரிகள் தங்களுக்குச் சற்றும் பிடிக்காத ஸ்ரீ சிராக்குக்குத் திரண்டு வோட்டளித்து, அவரை நூற்றுக்கு 82 வீதம் பெறச் செய்ததும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான்.

இப்படியே குறைந்த தீமையைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் கட்சிகள் ஒருநாளும் நல்லவரை நிறுத்தமாட்டா என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் சாரமில்லை என்று சொல்லமாட்டோம். 2024-ல் சிதம்பரத்தில் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். அங்கே அன்று நோட்டாவை அழுத்தியவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, கட்சிகளுக்கு ஓர் அதட்டலும் ஆயிற்று. ஆனால் வித்தியாசம் ஒரு லட்சமா, 87-ஆ என்பது பொத்தானை அழுத்தும்போது தெரிவதில்லையே!

இலங்கை வோட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், முதல் தடவையாக இரண்டாவது விருப்பத்தையும் எண்ணினார்கள். நமது யந்திரத்தில் அந்த வசதி கிடையாது. ஒருவரும் வேண்டாம், ஆனால் கட்டாயம் ஒருவர் வரத்தான் போகிறார் என்றால் இன்னார் தேவலை என்று அதனிடம் சொல்ல முடியாது. அந்த இரண்டாவது எண்ணிக்கையைக் கடலூர்க்காரரும் சிதம்பரத்துக்காரரும் முதல் நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து முடித்துக்கொண்டுதான் சாவடிக்குப் போக வேண்டியிருக்கிறது.